ஐட்லிங் இல்லாத இன்ஜினும் அத்திபெலே மேடும்

கோ-கார்ட் இன்ஜினுக்கு "ஸ்லோ ஸ்பீடு வைப்பது" பற்றி ஒரு சின்ன வரலாறு. கொஞ்சம் ஆயில் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

1956-ல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ், நண்பர் லூ போரெல்லியோடு சேர்ந்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் வெஸ்ட் பெண்ட் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஒன்றைப் பூட்டினார். புல்வெட்டும் மெஷினுக்கான இன்ஜின் அது. முதல் கார்ட் பிறந்தது. 1959-ல் மரம் அறுக்கும் ரம்பம் செய்துவந்த மெக்கலக் கம்பெனி, கார்ட்டுக்கென்றே எம்.சி.10 இன்ஜினைக் கொண்டுவந்தது. ரம்பத்தில் இருந்த டயாஃப்ரம் கார்ப்பரேட்டரும் கார்ட்டுக்கு வந்து சேர்ந்தது. அதில் மிதவை கிடையாது. எப்படிச் சாய்ந்தாலும் பெட்ரோல் வரும்.

பிறகு பல வருடம் ஆட்சி செய்த 100 சிசி ரேஸ் கார்ட்களில் கிளட்ச் இல்லை. செயின் நேராக அச்சுக்குப் போகும். சக்கரம் நின்றால் இன்ஜினும் நிற்கும். அப்புறம் ஐட்லிங் எங்கே? தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வளைவில் சுழன்று நின்றால் பெரும்பாலும் அன்றைய ரேஸ் முடிந்த மாதிரிதான்.

1997-ல் ரோட்டாக்ஸ் மேக்ஸ் வந்தது. 125 சிசி, செல்ஃப் ஸ்டார்ட், சென்ட்ரிஃபியூகல் கிளட்ச், மிதவை வைத்த டெல்லார்ட்டோ கார்ப்பரேட்டர். நின்ற இடத்தில் இன்ஜின் ஓடியது. தள்ள ஆள் தேவைப்படவில்லை. ஒரு பையனும் அவன் அப்பாவும் மட்டும் போய் ரேஸ் ஓட்டலாம் என்றானது. நம் ஊரிலும் தேசிய ரோட்டாக்ஸ் போட்டிகள் நடந்தன; பெங்களூரின் மெகோ அதில் முக்கியமான பெயர்.

இனி அத்திபெலே. ஓசூரில் வேலை பார்த்தபோது பெங்களூர் போக வர இதைத்தான் தாண்டுவேன். இந்த மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட எட்டு சதவீதம் போலக் குறைவு. கார்ப்பரேட்டருக்கு இது தெரியாது. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. கலவை ரிச் ஆகும், ஐட்லிங் தடுமாறும், பிளக் கறுக்கும். சின்ன ஜெட் போட்டு, ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே திருப்பினால் சரியாகிவிடும்.

ஆபத்து ஏறும்போது இல்லை, இறங்கும்போது! பெங்களூர் செட்டிங்கோடு கிருஷ்ணகிரி வழியாக இறங்கி இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் (1990-ல் வந்தது) ஓட்டினால் கலவை லீன். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். நீள நேர்க்கோட்டின் கடைசியில் பிஸ்டன் சீஸ்! ஒரு குடும்பம் சேர்த்த காசு ஒரு நொடியில் போய்விடும். பழைய ஓட்டுநர்கள் நேர்க்கோட்டு முடிவில் ஒரு கையால் காற்று வாயை மூடியதன் ரகசியமும் இதுதான்: காற்றைக் குறைத்து, பெட்ரோலையும் ஆயிலையும் கூட்டுவது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததும் நம் புது பைக்குகளில் கார்ப்பரேட்டர் ஏறக்குறைய மறைந்தே போனது. உயரத்தை சென்சார் கணக்குப் போட்டுக்கொள்கிறது. நல்லதுதான், புகை குறையும். ஆனால் சத்தத்தைக் கேட்டே "கால் திருப்பு உள்ளே வை" என்று சொல்லும் அந்தக் காது யாரிடம் மிஞ்சும்? உங்கள் ஊரில் அப்படி ஒரு மெக்கானிக் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.