லயக் காம்பராவும் காசநோயும்

காசநோயை நகரத்து நோய் என்று கூறுவது வழக்கம். லண்டன் சேரிகளிலும் பம்பாய் ஆலைத் தொழிலாளரின் குடியிருப்புகளிலும் அது குடிகொண்டிருந்த வரலாற்றை நோக்கினால் இக்கூற்றில் தவறில்லை. ஆயினும் நகரம் என்பது எது? வீதியும் மின்விளக்குமா? 1882இல் றொபேட் கொக் கண்டறிந்த அந்தக் கிருமியைப் பொறுத்தவரை, ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்க நேரும் மூடிய அறையே நகரம். அப்படிப் பார்த்தால், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா செல்லும் பாதையில், தேயிலைப் பசுமைக்கு நடுவே, நோர்வூட்டிலும் நகரம் இருக்கிறது. அதன் பெயர் லயம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு: துரைமார் ஒரு குடும்பத்துக்கு அளந்து கொடுத்த உலகம் இவ்வளவே. சில லயங்களில் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பின்சுவரில் சன்னல் வைக்க இடமேது? பனிக்குளிருக்குக் கதவடைத்து, விறகடுப்பின் சூட்டில் பாட்டனும் பேரனும் ஒன்றாய்ப் படுத்துறங்குவர். நோயாளி இருமுகையில் வெளிப்படும் நுண்துளிகள், வெயிலும் காற்றும் புகாத அறையில் மணிக்கணக்காக மிதந்து நிற்கும். போதாக்குறைக்கு அடுப்புப் புகை. எல்லோருமே இருமும் லயத்தில், எது புகையிருமல், எது காச இருமல் என்று யார் ஐயுறுவார்?

தொழிலாளரின் நோயைப் பற்றி வெள்ளை ஆட்சி கவலையே கொள்ளவில்லை என்று சொல்லிவிட முடியாது. மண்டபம் முகாமில் ஆட்களைச் சில நாள் தடுத்து வைத்த பின்னரே கடல் கடக்க விட்டார்கள். வாந்திபேதி கப்பலேறி வந்தால் துறைமுகமும் வாணிபமும் என்னாவது? 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தாரின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கிற்று. சோகை பிடித்த உடல் முழு வேலை செய்யாதன்றோ? காசமோ சில நாட் காவலில் முகங்காட்டும் நோயன்று. கிருமி தொற்றிய நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கே அது வாழ்நாளில் நோயாக முற்றும். பலருக்குப் பல்லாண்டு கழித்து, பசியால் உடல் தளர்ந்த வேளையில். மெல்லக் கொல்லும் நோய்க்காக அவசரப்பட எவருக்கும் காரணமில்லை.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்கற்றவர் சன்னல் கேட்டு எந்தப் பிரதிநிதியிடம் செல்வார்? தோட்ட மருத்துவமும் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. (புதுமைப்பித்தனைக் காசம் கொண்டுபோனதும் அதே ஆண்டில்தான், ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டு அப்போது ஐந்தாண்டு ஆகியிருந்தது.)

இவர்களின் முன்னோர் விட்டுவந்த தமிழகத்தின் தலைநகரில், 1956இல், உலகின் கவனத்தை ஈர்த்த ஆய்வொன்று வாலஸ் பொக்ஸ் தலைமையில் தொடங்கிற்று. சென்னையின் ஏழை நோயாளர் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குச் சானடோரியம்; மற்றதற்கு நெரிசல் மிகுந்த சொந்த வீடு. இரு பிரிவுக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் உண்டு. வீட்டிலிருந்தவர்க்கு இரண்டும் குறைவு. ஆயினும் குணமடைந்ததில் பெரிய வேறுபாடில்லை. அதைவிட வியப்பு, குடும்பத்தாரை ஐந்தாண்டு கவனித்ததில் கிடைத்தது: வீட்டிலிருந்து மருந்துண்டவரின் சுற்றத்தில் நோய் மிகுதியாகப் பரவவில்லை! மருந்து தொடங்கியதும் தொற்றும் வலிமை விரைந்து குன்றுகிறது. பரவல் பெரிதும் அதற்கு முன்னரே, நோய் இன்னதென்று அறியப்படாத மாதங்களில், நடந்து முடிந்துவிடுகிறது.

வீடு எப்படியிருந்தாலென்ன, குளிசை போதுமே என்று இம்முடிவைத் தோட்ட முதலாளி படிக்கக்கூடும். நாம் அப்படிப் படிக்கவில்லை. அந்த அறியப்படாத மாதங்களை நீட்டுவது எது? நோர்வூட்டில் கொழுந்து பறிக்கும் பெண் இருமலோடும் மலையேறுகிறாள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான். மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் பஸ் ஏறினாலோ அன்றைக்குப் பேரே கிடையாது. பேர் என்பது இங்கே ஒருநாட் கூலி. இலங்கையில் இன்று காசநோய்ச் சிகிச்சை இலவசம். ஆறு மாத மருந்தில் பெரும்பாலோர் குணமடைகின்றனர். சளிப் பரிசோதனைக்குப் போன நாளின் கூலியை யார் தருவார்? அடுத்த கிழமை பார்க்கலாம் என்று அவள் தள்ளிப்போடும் ஒவ்வோர் இரவும், அதே காம்பராவில், அதே அடுப்பருகில், பிள்ளைகள் உறங்குகிறார்கள்.