பாவிக்காத மின்சாரத்துக்கு யார் காசு கொடுப்பது? டென்மார்க் மின்சந்தையும் தொகுப்பு நிறுவனங்களும்

டென்மார்க்கில் மின்சாரப் பட்டியலை வரி வரியாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். 2023 தொடக்கம் பெரும்பாலான இடங்களில் மின்வலையமைப்புக் கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை அது மிகக் குறைவு. மாலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை மிக அதிகம், குளிர்காலத்தில் அதைவிடவும் அதிகம். வேலை முடிந்து வந்து சமைத்து, உடுப்புத் தோய்த்து, காரைச் சார்ஜில் போடுகின்ற அதே நான்கு மணித்தியாலங்கள்தான் இவை.

இந்த நேர வித்தியாசத்தை நம்பி ஒரு புதிய தொழில் வளர்ந்து வருகிறது. "உங்கள் ஹீற் பம்பையும் கார் சார்ஜரையும் எங்களிடம் இணையுங்கள். நேரம் பார்த்து நாங்களே இயக்குகிறோம், பணமும் தருகிறோம்" என்று நிறுவனங்கள் கேட்கின்றன. இவற்றை ஐரோப்பிய சட்டம் அக்ரிகேற்றர் என்கிறது. நாம் தொகுப்பு நிறுவனம் என்று சொல்லலாம். கையெழுத்து வைக்கும் முன் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது, சட்டத்தில் எங்கே தடக்குப்படுகிறது என்பதை எமது குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

என்ன விற்கப்படுகிறது?

டென்மார்க் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலும் சூரிய ஒளியிலும் இருந்து வருகிறது. பிராண்டே நகரை அபிராமி அம்மன் ஆலயத்தால் அறிந்த எம்மவர்கள், அதே ஊரில் காற்றாலைத் தொழில் வளர்ந்ததையும் அறிவார்கள். ஆனால் காற்று எங்கள் நேரசூசிக்கு வீசுவதில்லை. மின்வலையில் உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்கவேண்டும். அந்தப் பொறுப்பு பிரெடெரிசியாவைத் தலைமையிடமாகக் கொண்ட அரச நிறுவனமான எனர்ஜிநெற்றுடையது. காற்றுக் குறைந்தால் வேறொரு மின்நிலையத்தைக் கூட்டி ஓட்டலாம், அல்லது யாராவது பாவனையைக் குறைக்கலாம். இரண்டின் பலனும் ஒன்றே. ஆகவே பாவனையைக் குறைப்பதற்கும் விலை உண்டு.

தனி வீடு ஒன்று இந்தச் சந்தைக்குப் போக முடியாது. இச்சந்தைகள் பலவற்றில் ஆகக்குறைந்த அளவு 1 மெகாவோட். ஒரு வீட்டின் ஹீற் பம்ப் 2 கிலோவோட் எடுக்கிறது என்று வைத்தால், 500 வீடுகள் சேர்ந்தால்தான் 1 மெகாவோட். சீட்டுப் பிடிக்கும் தாச்சி பலரின் சிறு தொகைகளைச் சேர்த்து ஒரு பெருந்தொகையாக்குவதுபோல, தொகுப்பு நிறுவனம் பல வீடுகளின் சிறு அளவுகளைச் சேர்த்து விற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சந்தை வழிகாட்டுச் சட்டம் 2019 ஜூன் மாதம் நிறைவேறியது. அதன் இலக்கம் 2019/944. உறுப்பு நாடுகள் 2020 டிசம்பர் 31க்குள் அதைத் தம் சட்டமாக்க வேண்டும் என்று காலக்கெடு இருந்தது. அதன் 13ஆம் உறுப்புரை, தொகுப்பு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்ய வாடிக்கையாளருக்கு மின்வழங்குநரின் சம்மதம் தேவையில்லை என்கிறது. அப்படி ஒப்பந்தம் செய்தவர்மீது வழங்குநர் பாரபட்சமான கட்டணமோ நிபந்தனையோ விதிக்கவும் கூடாது. வழங்குநருடன் எந்தத் தொடர்பும் இல்லாத தொகுப்பு நிறுவனத்தைச் சுயாதீனத் தொகுப்பு நிறுவனம் என்று அதே சட்டம் வரையறுக்கிறது.

காகிதத்தில் கதவு அகலத் திறந்திருக்கிறது. நடைமுறையில் தடை இருப்பது கணக்குப் புத்தகத்தில்.

30 அலகு யாருடையது?

விளக்கத்துக்காக ஒரு சிறு கணக்கு. ஒரு வழங்குநர் நாளை மாலை 6 மணிக்குத் தன் வாடிக்கையாளர்களுக்கு 100 அலகு தேவை என்று கணித்து, அலகு 1 குரோனராக முன்கூட்டியே வாங்குகிறார். செலவு 100 குரோனர். அந்த மணித்தியாலத்தில் காற்றுக் குறைகிறது. தொகுப்பு நிறுவனம் அதே வீடுகளில் 30 அலகைக் குறைத்து, எனர்ஜிநெற்றுக்கு அலகு 2 குரோனராக விற்று 60 குரோனர் பெறுகிறது. வீடுகள் பாவித்தது 70 அலகு. வழங்குநர் பட்டியல் அனுப்பக்கூடியதும் அந்த 70க்குத்தான். மிச்சம் 30 அலகு யாருடையது?

வழங்குநருடையது என்று விட்டால், அவர் 30 அலகை மிகையாக ஒப்படைத்ததாகிறது. சமநிலைக் கணக்கில் அவருக்கும் பணம் போகும். ஒரே 30 அலகுக்கு இரண்டு பேருக்குக் கொடுப்பனவு. தொகுப்பு நிறுவனத்தினுடையது என்று திருத்தினால், வழங்குநர் வாங்கக் கொடுத்த 30 குரோனர் அவருக்கு நட்டம். அந்த நட்டத்தைத் தொகுப்பு நிறுவனம் ஈடுசெய்தால் அதன் கையில் மிஞ்சுவது 30 குரோனர். கருவி, ஊழியர், வீட்டுக்குத் தரும் பங்கு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும்.

இரட்டைப் பதிவு முறையில் கணக்கு எழுதுபவருக்கு இது புதிதல்ல. ஒரு பக்கம் வரவு வைத்தால் மறுபக்கம் பற்று எழுதியே ஆகவேண்டும். சட்டத்தின் 17ஆம் உறுப்புரை, வழங்குநருக்கு இழப்பீடு கொடுக்கும்படி நாடுகள் விதிக்கலாம் என்று அனுமதிக்கிறது. ஆனால் அந்த இழப்பீடு உண்மையில் ஏற்பட்ட செலவைத் தாண்டக்கூடாது, சந்தையில் நுழையத் தடையாகவும் இருக்கக்கூடாது. "உண்மையில் ஏற்பட்ட செலவு" எவ்வளவு என்பதில்தான் நாட்டுக்கு நாடு இழுபறி.

பிரான்சிலும் பிரித்தானியாவிலும்

இந்த இழுபறி பிரான்சில் நீதிமன்றம் வரை போனது. வோல்ராலிஸ் என்ற நிறுவனம் வீடுகளின் மின்சார ஹீற்றர்களில் சிறிய பெட்டியைப் பூட்டி, சில நிமிடங்கள் நிறுத்தி, அந்தக் குறைப்பை விற்றது. அது வழங்குநர்களுக்குப் பணம் செலுத்தவேண்டும் என்று 2009இல் மின்சந்தை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு முடிவெடுத்தது. 2011 மே மாதம் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. பிறகு 2013இல் பாராளுமன்றமே சட்டம் இயற்றி, வழங்குநருக்கான கொடுப்பனவை முறைப்படுத்தியது. நான்கு ஆண்டுகளில் மூன்று விதமான பதில்கள். சிறிய நிறுவனம் ஒன்றுக்கு இப்படியான நிச்சயமின்மையே பெரிய தடை.

பிரித்தானியாவில் பிரச்சினை வேறு வடிவில் வந்தது. அங்கு மின்தட்டுப்பாட்டைத் தவிர்ப்பதற்கான கொள்ளளவுச் சந்தையில் புதிய மின்நிலையத்துக்கு 15 ஆண்டுகள் வரை ஒப்பந்தம் கிடைத்தது. பாவனையைக் குறைத்து விற்பவருக்கு 1 ஆண்டு மட்டுமே. ரெம்பஸ் எனர்ஜி என்ற நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் அதற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2021 செப்டெம்பரில் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

டென்மார்க்கின் நிலை

இங்கு 2016 ஏப்ரல் முதல் வாடிக்கையாளருக்கு ஒரே முகம் வழங்குநர்தான். ஒரே பட்டியல் அவரிடமிருந்தே வருகிறது. ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு வழங்குநர், அவருக்குப் பின்னால் ஒரு சமநிலைப் பொறுப்பாளர். முன்கூட்டி வாங்கிய அளவுக்கும் உண்மைப் பாவனைக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காசு கட்டுபவர் அவர். வாடிக்கையாளருக்கு இது இலகுவான ஏற்பாடு. ஆனால் மூன்றாவதாக வருபவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அதனால் ஆரம்பத்தில் தொகுப்பு நிறுவனம் ஒன்றில் தானே வழங்குநராகவேண்டும், அல்லது வழங்குநரின் சமநிலைப் பொறுப்பாளருடன் உடன்பாடு காணவேண்டும். போட்டியாளரின் கையிலேயே சாவி இருந்தது என்று இதைச் சொல்லலாம். மின்வலையின் அதிர்வெண்ணைச் சீராக்கும் சேவைகளில் நகரும் மின்சாரத்தின் அளவு மிகச் சிறிது. அங்கு இழப்பீட்டுத் தகராறும் சிறிது.

இன்னொரு தடை அளவீடு. பாவித்ததை மீற்றர் காட்டும், பாவிக்காமல் விட்டதை எந்த மீற்றரும் காட்டாது. "இல்லாவிட்டால் எவ்வளவு பாவித்திருப்பார்" என்று கணித்தே காசு கொடுக்கவேண்டும். 2020 முடிவுக்குள் எல்லா வீடுகளுக்கும் தொலைவாசிப்பு மீற்றர் என்று டென்மார்க் விதித்தது இதற்கு உதவியது. ஆனால் 2025 ஒக்ரோபர் முதல் அடுத்தநாள் மின்சந்தை 15 நிமிடக் கணக்குக்கு மாறியதால், அளவீட்டிலும் கூடுதல் நுணுக்கம் தேவைப்படுகிறது.

மாற்றங்களும் வருகின்றன. 2024 ஜூனில் வந்த திருத்தச் சட்டம், ஒரே வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மின் ஒப்பந்தங்களை வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. வீட்டுக்கு ஒருவர், காருக்கு இன்னொருவர் என்று வைக்கலாம். பாவனைக் குறைப்புக்கான பொது விதிகளின் வரைவை ஐரோப்பிய ஒழுங்குபடுத்துநர்களின் அமைப்பு 2025 மார்ச்சில் ஆணையத்திடம் கையளித்தது.

கையெழுத்து வைக்குமுன்

மேலே பார்த்த இழுபறிகளின் செலவு எதுவும் காணாமல் போவதில்லை. ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு வரியில், உங்கள் பங்கிலிருந்து கழிக்கப்பட்டிருக்கும். ஆகவே இவற்றைக் கேளுங்கள்.

1. உங்கள் பங்கு எதன்மீது கணக்கிடப்படுகிறது? சந்தையில் கிடைத்த முழுத் தொகையிலா, இழப்பீடும் செலவும் கழித்த மிச்சத்திலா?

2. வழங்குநரையும் மாற்றவேண்டும் என்கிறார்களா? அப்படியானால் புதிய வழங்குநரின் மாதச் சந்தாவையும் அலகுக்கான மேலதிகத் தொகையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். எல்பிரிஸ் இணையத்தளத்தில் ஒப்பிடலாம்.

3. வீடு எவ்வளவு குளிரலாம், கார் காலையில் எவ்வளவு சார்ஜ் இருக்கவேண்டும் என்ற எல்லையை யார் வைக்கிறார்கள்? கைக்குழந்தையோ வயதான அம்மா அப்பாவோ உள்ள வீட்டில் இதுவே முதல் கேள்வி.

4. விலகுவது எப்படி? நிறுவனம் மாறுவதற்கு வீட்டு வாடிக்கையாளரிடம் கட்டணம் எடுக்கக்கூடாது என்பது பொது விதி. நிலையான காலத்துக்கும் நிலையான விலைக்கும் செய்த ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் கட்டணம் வரலாம்.

5. எவ்வளவு குறைத்தார்கள், எவ்வளவு விற்றார்கள்? கேட்டால் ஒவ்வொரு பட்டியல் காலத்திலும் ஒருமுறையாவது இந்தத் தரவை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. மீற்றர் தரவைப் பார்க்க நீங்கள் கொடுத்த அனுமதியை எல்ஓவர்ப்ளிக் தளத்தில் மிற்-ஐடி கொண்டு மீளப்பெறலாம்.

டெனிஷ் ஒப்பந்தத்தை வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்குப் பிள்ளைகள் இந்த ஐந்தையும் வாசித்துச் சொல்லலாம். மின்வழங்குநருடன் பிணக்கு வந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் எரிசக்தித்துறை முறைப்பாட்டுச் சபைக்குப் போகலாம். தொலைபேசியில் பேசியது அங்கு உதவாது. திகதியிட்ட மின்னஞ்சல்களையும் பட்டியல்களையும் ஒரு கோவையில் போட்டு வைத்திருங்கள்.