விளையாட்டுச் சஞ்சிகையும் பெண் வாசகரும்

ஐக்கிய அமெரிக்காவில் 1954 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தோன்றிய 'ஸ்போர்ட்ஸ் இலஸ்ட்ரேட்டட்' வாரச் சஞ்சிகை, ஆணையே தன் வாசகனாகக் கொண்டது. 1964 இல் அது தொடங்கிய நீச்சலுடை இதழின் அட்டையில் இடம்பெற்றவர் நீச்சல் வீராங்கனை அல்லர்; விளம்பர அழகியே. பெண் அங்கு பார்க்கப்படுபவளாக இருந்தாளேயன்றிப் படிப்பவளாகக் கருதப்படவில்லை.

1972 இல் நிறைவேறிய சட்டமொன்று, மத்திய அரசின் நிதியுதவி பெறும் கல்விக்கூடங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தது. மாணவியர்க்கு மைதானங்கள் திறக்கலாயின. அவ்வாண்டே அச்சஞ்சிகை, ரெனிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கைக் கூடைப்பந்துப் பயிற்றுநர் ஜோன் வூடனுடன் இணைத்துக் கௌரவித்தது. ஆயினும் ஆண்டுக்கொரு கௌரவம் வாசகியின் தேவையை நிறைவுசெய்யுமா? கிங் அம்மையார் 1974 இல் 'விமென்ஸ்போர்ட்ஸ்' என்னும் சஞ்சிகையைத் தாமே தொடங்கினார். விளையாட்டை அறிவார்வத்துடன் படிக்கும் பெண்கள் உளர் என்னும் நம்பிக்கையே அதன் அடித்தளமாகும்.

பின்னர் 'ஸ்போர்ட்ஸ் இலஸ்ட்ரேட்டட்' நிறுவனமும் பெண்களுக்கெனத் தனிச் சஞ்சிகை நடத்தியது. 2002 இல் அது நிறுத்தப்பட்டது. நீச்சலுடை இதழோ அதன் பின்னரும் தொடர்ந்தது. தனிச் சஞ்சிகை மூடப்படுகையில் வாசகியும் வெளியே நிறுத்தப்படுகிறாள். ஆகவே, பொதுச் சஞ்சிகையின் பக்கங்களிலேயே அவளுக்குரிய இடம் உறுதிசெய்யப்படல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.