தலைவனில்லாக் கூட்டம்

மாலை வானிற் செல்லும் பறவைக்கூட்டம் ஒரே கணத்தில் திரும்புவது எங்ஙனம்? அப்பறவைகளிடையே எண்ணம் நேரே பரவுகின்றது போலுமென, ஆங்கிலப் பறவையியலறிஞர் எட்மண்ட் செலூஸ் 1931இல் நூலெழுதினார். அவரை நகைப்பதற்கில்லை, கண்ணாற் கண்டதைச் சோதித்துப் பார்க்க அவரிடம் கருவி யாதும் இருக்கவில்லை.

அக்கருவி கணினியாய் வந்தது. 1986இல் அமெரிக்கரான கிரெய்க் றெயினோல்ட்ஸ் திரையிற் பொய்ப்பறவைகளைப் பறக்கவிட்டார். அவர் விதித்தவை மூன்றே: அருகிலுள்ளதோடு மோதாதே, அதன் திசையிலும் வேகத்திலும் செல், அயற்பறவைகளின் நடுவிடத்தை நாடு. தலைவனில்லை, கட்டளையில்லை, எனினும் கூட்டம் தடையிற் பிரிந்து அப்பாற் கூடிற்று.

திரையில் இசைந்தது வானில் எளிதில் இசையவில்லை. ஆளில்லா வானூர்திகளுக்குச் செய்தி சற்றே பிந்தி வரும், இருப்பிடக் கணிப்புப் பிழைக்கும், காற்றுந் தள்ளும். அயலூர்தி சற்றுமுன் நின்ற இடத்தை நம்பித் திரும்பும் ஊர்தி ஊசலாடும், மோதும். ஆகவே புடாபெஸ்ற் நகரில் தமாஸ் விச்செக் குழுவினர் இக்குறைகளையே கணினிக்குட் புகுத்தினர். விதிகளின் அளவுகளை மாற்றி மாற்றிப் போட்டியிடச் செய்து, தேறியவற்றையே மேலும் வளர்த்தனர். கணினியில் மோதும் ஊர்திக்குச் செலவில்லையன்றோ! 2018இல் வெளியான அவர்களது ஆய்வில், 30 ஊர்திகள் எல்லை வகுத்த வெளியில் மோதாது கூடிப் பறந்தன. ஒவ்வோர் ஊர்தியும் தன் வழியைத் தானே கணித்தது.