ஈரநில அகழாய்வுக் கருவிகள்

ஈரநில அகழாய்வுக் கருவிகள் என்பவை ஏரிக்கரை, கழிமுகம், சதுப்பு நிலம் போன்ற நீர் ஊறிய இடங்களில் தொல்லியல் அகழாய்வு செய்யப் பயன்படுபவை ஆகும். திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரியின் மீனவ ஊர்களைச் சுற்றியுள்ள உவர்ச்சேற்று நிலம் இவ்வகையைச் சேர்ந்தது. உலர்நில அகழாய்வில் வழக்கமான மண்வெட்டி, களைக்கொத்து, கொத்துக்கரண்டி ஆகியவை இத்தகைய நிலத்தில் மேல்மண்ணை நீக்க மட்டுமே ஏற்றவை. உவர்நீரில் இரும்பு விரைவில் துருப்பிடிப்பதால் துருவேறா எஃகுக் கரண்டிகளே நீடித்து உழைக்கும்.

மரமும் உலோகமும்

ஆக்சிசன் மிகக் குறைந்த சேற்றில் மரம், கயிறு, விதை போன்றவை பல நூற்றாண்டுகள் அழியாமல் இருக்கும். ஆயினும் இவ்வாறு எஞ்சிய மரம் நீரால் நிரம்பி மென்மையாக இருக்கும். எஃகு விளிம்பு பட்டாலே தடம் விழும். பின்னர் அது பழந்தச்சரின் உளித்தடமா, அகழ்ந்தவரின் கரண்டித்தடமா என்று பிரித்தறிவது கடினம். எனவே மரம் தென்பட்டவுடன் உலோகத்தை விலக்கி, மூங்கில் சிராய், மரக்கரண்டி, நெகிழிக் கரண்டி ஆகியவற்றைக் கையாள வேண்டும். கைவிரல்களே பெரும்பாலும் இவை அனைத்தையும் விடச் சிறந்தவை.

இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்பில் 1970-இல் கண்டறியப்பட்ட மரப்பாதையை ஆய்ந்தோர், அதனை மிதிக்காமல் பலகைகளின் மேலிருந்து பணியாற்றினர். அமெரிக்காவின் ஓசெட்டில் 1970களில் நீர்க்குழாய்களால் சேற்றைக் கழுவி நீக்கினர். நீரின் விசையைத் தேவைக்கேற்பக் குறைக்க இயல்வதே இம்முறையின் சிறப்பு.

நீரும் ஈரமும்

அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நீர்மட்டத்திற்குக் கீழும் அகழ்ந்தார். இத்தகைய இடங்களில் குழியின் மூலையில் ஆழமான நீர்க்குழி ஒன்றை வெட்டி, ஊறும் நீரை இறைப்பி மூலம் வெளியேற்றுவர். ஆனால் வெளிப்பட்ட மரம் உலரக் கூடாது. உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆகவே தெளிப்பான், ஈரச்சாக்கு, நெகிழித்தாள் ஆகியவையும் கரண்டிக்கு இணையான கருவிகளே. கேரளத்தின் பட்டணத்தில் 2007-இல் கிடைத்த, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஆஞ்சிலி மரத்தோணி தென்னிந்தியாவில் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஆர்வலர்களும் சட்டமும்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். அங்குள்ள ஒல்லாந்தர் கல்லறை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட களத்தில் உரிமமின்றி அகழ்வது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்நிலையில் ஆர்வலருக்கு உண்மையில் உதவுபவை அளவுநாடா, ஒளிப்படக்கருவி, குறிப்பேடு ஆகியவையே.

கிணறு வெட்டும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ பழம்பொருள் தென்பட்டால், அதனை வெளியே எடுத்து வெயிலில் வைப்பதே பெருங்கேடு. சேற்றாலேயே மூடி, இடத்தைக் குறித்துவிட்டுத் தகவல் தருதல் வேண்டும். மண்ணில் புதைந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கூறுகிறது.