உப்பு எதில் ஏறிப் போனது?

பழனியில் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாருக்கு உள்ள அறப்பட்டயங்களில் குமரப்பன் என்றொரு பெயர் வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் செட்டிநாட்டிலிருந்து பழனிக்குப் போய் உப்பு விற்றவர். கிடைத்த லாபத்தில் முருகனுக்கென்று ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்தவர். நகரத்தாரின் பழனிப் பாதயாத்திரையும் காவடியும் இந்த உப்பு வியாபாரத்தோடு பின்னிக் கிடக்கின்றன. டேவிட் ரட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1994இல் வெளியிட்ட நூலில் இப்பட்டயங்களை ஆராய்ந்திருக்கிறார். வணிகமும் கோயிலும் எப்படி ஒன்றையொன்று தாங்கின என்பது அவருடைய அக்கறை. என் அக்கறை அதைவிடச் சின்னது. அந்த உப்பு எதில் ஏறிப் போனது?

காரைக்குடியில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: “மாட்டு வண்டிதான், வேறென்ன?” என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. முதலில் மனிதன் தலையில் சுமந்தான், பிறகு விலங்கின் முதுகில் ஏற்றினான், பிறகு சக்கரம் வந்தது, பிறகு ரயில் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. போலந்தில் புரோனோசிட்சே என்ற இடத்தில் கிடைத்த பானையில் நான்கு சக்கர வண்டி போன்ற உருவம் கீறப்பட்டிருக்கிறது; வயது ஐயாயிரத்து ஐந்நூறு ஆண்டு. ஸ்லோவேனியாவின் லியூப்லியானா சதுப்பு நிலத்தில் 2002இல் எடுத்த மரச்சக்கரமும் அச்சும் ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தியவை. நம் பக்கம் ஹரப்பாவில் சுடுமண் வண்டிகள் கிடைத்தன. மகாராஷ்டிரத்தின் தைமாபாத்தில் காளைகள் பூட்டிய வெண்கலத் தேரை 1974இல் கண்டெடுத்தார்கள். சக்கரம் இவ்வளவு பழசு என்பதால் குமரப்பன் வண்டியில்தான் போயிருப்பார் என்று சொல்லிவிடலாமா? ஏட்டிலும் கல்லிலும் சான்று தேடத் தொடங்கினேன்.

முதலில் போனது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு. இன்று சென்னையில் இருந்தாலும் அதன் பிறப்பிடம் காரைக்குடியை ஒட்டிய கோட்டையூர். ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் அதை நூலகமாக்க வழிசெய்தது. ஒரு செட்டிநாட்டு வீட்டிலிருந்து புறப்பட்ட அந்தச் சேகரம் இல்லையென்றால் தமிழ் அச்சு வரலாற்றில் பெரும்பகுதி நமக்குக் கைக்கு எட்டியிருக்காது. அந்த நன்றியோடுதான் அங்கே உட்கார்ந்தேன்.

உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை இருக்கிறது. அதில் உமணர்கள் என்ற உப்பு வணிகர்களின் வண்டி வருகிறது. வண்டியைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிய பழைய பாட்டு வேறு எதையும் நான் படித்ததில்லை. மத்தளம் போலத் திரண்ட குடம், அதில் செம்மையாகப் பொருத்திய ஆரக்கால்கள், தடித்த பார், மேலே புல் வேய்ந்த கூரை. வாசலில் கோழி அடையும் கூடு. பக்கத்தில் ஒரு சிற்றுரல் தொங்குகிறது. காடி வைத்த பானையைக் கட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் மாடுகளை ஓட்டுகிறாள். ஒரு குடும்பமே வண்டியில் வாழ்ந்துகொண்டு ஊர் ஊராய் உப்பு விற்கிறது. புறநானூற்றில் ஔவையார் பாடிய ஒரு பாட்டில் உமணர் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு கட்டிக்கொண்டு போகும் செய்தி வருகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறியும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களின் ஏற்பாடு அது.

வண்டிக் கட்சி வென்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் அதே பெரும்பாணாற்றுப்படையில் சில அடிகள் தள்ளிப் போனால் மிளகு மூட்டை சுமந்த கழுதைகள் சுங்கச் சாவடி உள்ள பெருவழியில் நடக்கின்றன. அகநானூற்றின் 207ஆம் பாட்டு இன்னும் முக்கியம். கடற்கரையில் விளைந்த உப்பை மேற்கு நாட்டுக்குக் கொண்டுபோகும் ஆண்கள், புள் நிமித்தம் பார்த்துப் புறப்பட்டு, கல் புரளும் பாதையில் கழுதை நிரையை ஓட்டிப் போகிறார்கள். ஆக, உப்பு அதே உப்பு. சமநிலத்தில் வண்டி, கல்வழியில் கழுதை. வாகனத்தைத் தீர்மானித்தது காலம் அல்ல, பாதை. எனக்குக் கிடைத்த முதல் உறுதியான துப்பு இதுதான்.

அடுத்த துப்பு சிவகங்கை மாவட்டத்திலேயே இருந்தது. பாரியின் பறம்பு என்று மரபு சொல்வது சிங்கம்புணரி அருகே உள்ள பிரான்மலையை. முல்லைக்குத் தேர் கொடுத்தவனின் மலை. பாரி இறந்த பின் அவன் மகளிர் குப்பை மேட்டில் ஏறி நின்று உமணரின் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்ததைக் கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஒரு காலத்தில் போருக்கு வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள். அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் என் மனசு கனத்துப் போகிறது.

அந்தப் பிரான்மலைக் கோயிலில், பாரிக்கு ஆயிரம் ஆண்டுக்குப் பின், 13ஆம் நூற்றாண்டில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் ஒரு கல்வெட்டு வெட்டிவைத்தார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் 442ஆம் எண். அவ்வழியே போகும் சரக்குக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம். உப்பு, நெல், அரிசி, பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர் என்று பட்டியல் நீள்கிறது. கணக்குக்கு எடுத்துக்கொண்ட அளவு பொதி. மாட்டின் முதுகில் இருபுறமும் தொங்கும் மூட்டை. அச்சும் ஆரக்காலும் தெரிந்த நாட்டில், ஆயிரம் ஆண்டு கழித்தும், சரக்கைப் பொதியாகவே எண்ணியிருக்கிறார்கள்!

பொதிமாடு ஏறக்குறைய 100 கிலோ சுமக்கும். வண்டியில் பூட்டினால் அதே மாடு பல மடங்கு இழுக்கும். அப்படியிருந்தும் பொதி ஏன் நிலைத்தது? வண்டிக்குத் தடம் வேண்டும். ஆற்றில் துறை வேண்டும். மழைக்காலத்தில் கரிசல் சேற்றில் சக்கரம் இறங்கினால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பொதிமாட்டுக்கு ஒற்றையடிப் பாதை போதும். மேய்ந்துகொண்டே நடக்கும். தக்காணத்தில் உப்பும் தானியமும் ஏற்றிய லம்பாடிகளின் மாட்டு நிரைகள் ரயில் வரும்வரை ஓடியதற்கும் இதுவே காரணம்.

தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களையும் இதோடு சேர்த்துப் பார்த்தேன். நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று ஒரு கல் சொல்கிறது. எழுத்தோடு நிற்கவில்லை, இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் செதுக்கியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாத சுமைக்காரன் விரலால் தடவித் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். வழியைப் போட்டவர்கள் நடப்பவனை மனதில் வைத்துப் போட்டிருக்கிறார்கள்.

இனி குமரப்பனின் பாதை. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், செம்பட்டி வழியாகப் பழனி. 150 கிலோமீட்டருக்கு மேல். நத்தத்தைத் தாண்டினால் ஒருபுறம் கரந்தமலை, மறுபுறம் சிறுமலை. பிரான்மலை இந்தப் பாதையின் பக்கத்திலேயே நிற்கிறது. அந்தப் பகுதியில் உப்புக்குப் பொதி என்ற அளவு கல்லில் இருக்கும்போது, குமரப்பனின் உப்பும் பெரும்பாலும் பொதிமாட்டில்தான் போயிருக்கும் என்பது என் முடிவு. வண்டி ஓடக்கூடிய துண்டுகளில் வண்டியும் ஓடியிருக்கும்.

காவடியை மறந்துவிடக் கூடாது. தோளில் ஒரு தண்டு, இரு முனையிலும் சுமை. சக்கரமும் மாடும் வேண்டாத கருவி அது. நகரத்தார் சர்க்கரைக் காவடி எடுத்துத் தைப்பூசத்துக்கு நடக்கிறார்கள். கூடவே வேல் ஏற்றிய மாட்டு வண்டி வருகிறது. பழனியிலிருந்து திரும்புவதும் நடைதான். காரைக்குடிக்கு 1930இல் ரயில் வந்தது. அதற்குப் பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. மனிதத் தோளும் மாட்டு வண்டியும் ஒரே சாலையில் சேர்ந்து போவதைக் காண விரும்புகிறவர்கள் தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் நத்தம் சாலையில் நின்றால் போதும்.

ஏணிப்படிக் கதை இந்த மண்ணுக்குப் பொருந்தாது. இங்கே தோளும் பொதியும் சக்கரமும் ஈராயிரம் ஆண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் உழைத்திருக்கின்றன.

செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து விற்கும்போது பழைய கணக்கேடுகள் எடைக்குப் போகின்றன. சாலையை அகலப்படுத்தும்போது சுமைதாங்கிக் கற்கள் பெயர்க்கப்படுகின்றன. உங்கள் வீட்டு ஏட்டில் வண்டிச் சத்தம், பொதிக் கூலி என்று ஒரு வரி இருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள். ஊர் எல்லையில் சுமைதாங்கி நின்றால் அதில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.