சுராங்கனி: மீன் காணாமற்போன ஒரு பாட்டு

கல்லூரிச் சுற்றுலாப் பேருந்தின் பின்னிருக்கையிலும் திருமண வீட்டு மேடையிலும் விடுதி ஆண்டுவிழாவிலும் தமிழர் கைதட்டிப் பாடும் பாட்டுகளுள் ‘சுராங்கனி’க்குத் தனியிடம் உண்டு. பாடுவோருள் பெரும்பாலோர்க்கு அதன் பல்லவி எந்த மொழியிலுள்ளது என்பது தெரியாது. தெரியாமலேயே அரை நூற்றாண்டுக்கு ஒரு பாட்டு வாழ முடிந்தது எவ்வாறு என்பதே இப்பதிவின் பொருள்.

இப்பாட்டு பைலா வகையைச் சார்ந்தது. ‘ஆடுதல்’ எனப் பொருள்படும் ‘பைலார்’ என்ற போர்த்துக்கீச வினையிலிருந்து அப்பெயர் வந்தது. போர்த்துக்கீசர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். அவர்களுடைய ஆட்டப்பாட்டுகளும், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்க மக்களின் தாளமும் கலந்து கஃப்ரிஞ்ஞா என்னும் ஆறெட்டுத் தாள இசை உருவாயிற்று. மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் நடுவே போர்த்துக்கீசக் கிரியோல் மொழியோடு இந்த ஆட்டமும் இன்றுவரை எஞ்சியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் காவல்துறையில் பணியாற்றிய வாலி பஸ்தியான்ஸ் அதற்குச் சிங்களச் சொற்களை ஏற்றி, பைலாவை நகர மக்களின் கொண்டாட்ட இசையாக்கினார். ஆகவே இவ்வகைப் பாட்டு பிறக்கும்போதே பன்மொழிக் கலப்பில் பிறந்தது. அதற்குத் ‘தூய மூலம்’ தேடுவது வீண்.

தமிழுக்கு அதனைக் கொண்டுவந்தது இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ போன்ற பாட்டுகள் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை ஆடத்தக்க இசைக்குள் வைத்தன. அவருடைய சமகாலத்தவரான ஏ. ஈ. மனோகரன், தமிழிலும் சிங்களத்திலும் பாடிப் பொப்பிசைச் சக்கரவர்த்தி எனப் புகழ்பெற்றார். ‘சுராங்கனி’ அவர் குரலோடு பிரிக்கமுடியாமல் ஒட்டிக்கொண்டது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாடும் ஆந்திரத்தின் தென்பகுதியும் நாள்தோறும் கேட்டுவந்த காலம் அது. 1952இல் பி. வி. கேஸ்கர் அமைச்சரானபின் அகில இந்திய வானொலி திரைப்பாட்டுகளை ஒதுக்கியதால் கொழும்பு பக்கம் திரும்பிய காதுகள், 1957இல் விவித பாரதி தொடங்கிய பின்னரும் அப்பழக்கத்தை விட்டுவிடவில்லை. கொழும்பிலிருந்து வரும் குரலும் மெட்டும் இக்கரைக்குப் பழகிப்போயிருந்தன.

1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இம்மெட்டைக் கையாண்டார். ‘அன்னக்கிளி’ வெளிவந்து ஓராண்டே ஆகியிருந்தது. மலேசியா வாசுதேவன் அதில் பாடினார். இலங்கைப் பாட்டு, மலேசியாவில் பிறந்த தமிழர் ஒருவரின் குரலில், சென்னைத் திரையில் ஒலித்தது. இதன்பின் தமிழ்நாட்டில் இதனைத் திரைப்பாட்டாக மட்டுமே அறிந்த ஒரு தலைமுறை வளர்ந்தது.

இனி மொழியியலுக்கு வருவோம். சிங்களப் பல்லவியில், பெயரோடு ‘ட’ என்னும் நான்காம் வேற்றுமை உருபு வருகிறது. அது தமிழின் ‘கு’வுக்கு இணை. ‘மாலு’ என்பது மீன். ‘கெனாவா’ என்பது ‘கொண்டுவந்தேன்’, ‘கொண்டுவந்தார்’ என்ற பொருளில் வரும் இறந்தகால வினை. ஆக, சுராங்கனிக்கு மீன் வந்திருக்கிறது என்ற எளிய செய்தியே பல்லவி. தேவமங்கை எனப் பொருள்படும் வடமொழிப் பெயரைத் தாங்கிய பெண்ணும், கடற்கரையின் அன்றாட மீனும் ஒரே வரியில் நிற்கும் முரணில்தான் அதன் நகைச்சுவை இருக்கிறது.

தமிழ்நாட்டில் வாய்வழி பரவிய வடிவில் இம்மூன்றும் மாறின. ‘ட’ போய்த் தமிழ்க் ‘கு’வை ஒத்த ‘க்கா’ வந்தது. இந்தி அறிந்த காதுக்கு அதே ஒலி உடைமைப் பொருளில் கேட்கும். ‘கெனாவா’ என்ற ஒரே வினை ‘கண்ணா’, ‘வா’ என விளியும் ஏவலுமாகப் பிளந்தது. ‘மாலு’ ஒரு பெண்ணின் செல்லப்பெயராகத் தோன்றலாயிற்று. செய்தி அழைப்பாயிற்று, மீன் காதலுக்கு இடம்விட்டு மறைந்தது. அறியாத ஒலித்தொடரை அறிந்த உருபன்களாகப் பகுத்துக்கொள்ளும் இச்செயலை மறுபகுப்பு என்போம். இதனைக் கேட்டவரின் பிழை என்று தள்ளிவிடலாகாது. பொருளின்றி ஒலியை ஏற்க மனம் ஒப்பாதபோது இலக்கணமே பொருளை உண்டாக்குகிறது.

தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் புத்தலப்பட்டு போன்ற சித்தூர் மாவட்ட ஊர்களிலிருந்து பார்க்கையில் இது மேலும் தெளிவாகிறது. ‘கன்னா’ என்ற கொஞ்சுசொல் தெலுங்குக்கும் உரியது. ஆனால் ‘வா’ தெலுங்கில் ‘ரா’ ஆகும். எனவே தெலுங்கு மட்டும் அறிந்தவர்க்குத் தொடரின் பாதி பொருள்படும், மீதி வெற்றொலியாக நிற்கும். ஒரே பாட்டு, கேட்பவரின் இலக்கணத்துக்கேற்ப வெவ்வேறு அளவில் ‘புரிகிறது’.

இந்தக் கதைக்கு ஒரு கசப்பான மறுபக்கமும் உண்டு. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் வந்த நாட்டிலிருந்து, ஒரு தமிழர் பாடிய சிங்களப் பல்லவி உலகத் தமிழரின் கொண்டாட்டத்துக்குள் நுழைந்தது. 1983க்குப் பிறகு அந்நாட்டிலிருந்து ஏதிலிகளாகச் சிதறியோரின் விழாக்களிலும் அது ஒலித்தது. சட்டத்தின் வழியே திணிக்கப்பட்டபோது எதிர்க்கப்பட்ட மொழி, தாளத்தின் வழியே வந்தபோது தடையின்றி நாவில் ஏறியது. இதனை இன ஒற்றுமையின் சான்றாக உயர்த்திப் பேசுவது மிகை. புரியாமல் பாடப்பட்டதனாலேயே அது எவரையும் உறுத்தவில்லை என்பதும் உண்மை. எனினும், இரு மொழியினரும் மீன் வாங்கும் ஒரு கரை இருந்தது என்பதற்கான தடம் அந்தப் பல்லவியில் பதிந்துள்ளது.

சிலோன் மனோகர் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவர் பெயரறியாதவர்களும் அவர் பாட்டை இன்றும் பாடுகிறார்கள். மறுவடிவங்களை ஆராயும் மாணவர்கள் ‘மூலம் எது, நகல் எது’ என்ற கேள்வியோடு நின்றுவிட வேண்டா. ஒவ்வொரு வடிவிலும் எச்சொல் நிலைத்தது, எது பெயர்ந்தது, யார் பெயர் உதிர்ந்தது என்று பட்டியலிட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் விருந்துகளில் இப்பல்லவி எவ்வாறு பாடப்படுகிறது என்பதையும், கேட்ட ஒலியைத் திருத்தாமல் அப்படியே, பின்னூட்டத்தில் எழுதுங்கள்.